பாலத்தெரு, வடக்கு

கடைக்குப் போகும்போது துண்டுச்சீட்டு எழுதாமல் நான் போனதில்லை. சோப்பு, பல்பு, தலைவலி மாத்திரை என்று மூன்றே சாமான் என்றாலும் எழுதிக்கொள்வேன். "மூணு சாமானுக்கு ஒரு மகஜரா?" என்று என் மனைவி கேலி செய்வாள். வீட்டில் பற்பசை தீர்ந்துபோனது எனக்கே தெரிந்திருந்தாலும், சீட்டில் இல்லையென்றால் கடையில் அது என் கண்ணில் படாது. அவள் இதைப் பிடிவாதம் என்கிறாள். பத்தொன்பது வருடம் பட்டியல்களோடு வேலை செய்தவனுக்கு வரும் பழக்கம், அவ்வளவுதான்.

நேற்று நான் வாயால் சொன்னது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரிக்குப் பிடிபடவில்லை. "அப்ப மெஷின்தான் தப்பு பண்ணிச்சா?" என்று மூன்று முறை கேட்டார். மெஷின் எந்தத் தப்பும் பண்ணவில்லை. அதைப் புரியவைக்க வேண்டும் என்றுதான் தாள் கேட்டேன். கொடுத்ததற்கு நன்றி. முதலிலிருந்து எழுதுகிறேன். அவசரப்படாமல் படியுங்கள்.

நான் வேலை பார்த்த நிறுவனம், வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு மூச்சுக் கருவி வாடகைக்குத் தருவது. நுரையீரல் களைத்துப்போனவர்கள் அவர்கள். மூக்கில் குழாயோடு இருப்பார்கள். கருவி சுவர் மின்சாரத்தில் ஓடும். மின்சாரம் நின்றால் உள்ளிருக்கும் பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கும், பழைய கருவி என்றால் முப்பது. ஆகவே, பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில் எங்கள் வண்டி காலையிலேயே அந்தப் பகுதிக்குப் போய் வீட்டுக்கு வீடு ஆக்ஸிஜன் உருளை இறக்கும். மின்சாரம் வந்த பிறகு உருளைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வரும். தீ பயம் காரணமாக உருளையை வீட்டிலேயே விட்டுவைக்க அனுமதி இல்லை.

எந்த வீட்டுக்கு வண்டி போக வேண்டும் என்பதைச் சொல்வது நான் கட்டிய டாஷ்போர்டு. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கணினித் திரையின் இடப்பக்கம் ஊரின் அறுபத்திரண்டு பகுதிகளும் பட்டியலாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். மின்சார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததும், தொலைபேசி மேசையில் இருக்கும் அம்மாள், நாங்கள் எல்லோரும் போன் அக்கா என்று கூப்பிடுகிறவர், கடிதத்தைப் பார்த்து அந்தந்தப் பெயரின் கட்டத்தில் டிக் போடுவார். பொத்தானை அழுத்துவார். வலப்பக்கம் நோயாளிகளின் பெயர், வீட்டு எண், தொலைபேசி எண் எல்லாம் வந்து நிற்கும். அதில் ஒரு பிரதி வண்டி ஓட்டுநருக்குப் போகும். இன்னொன்றை வைத்துக்கொண்டு போன் அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் பேசுவார். அந்தப் பட்டியலில் வராத வீட்டுக்கு வண்டியும் போகாது, போனும் போகாது.

டிக் போடுவதற்கும் பெயர்கள் வருவதற்கும் நடுவில் இருப்பது ஸ்கிரிப்ட் என்கிற சில வரிகள். டிக் போட்ட பெயர்களை வாரிக் கட்டி, ஒரு கேள்வியாக்கி, நோயாளிகளின் விவரமெல்லாம் சேமித்து வைத்திருக்கும் டேட்டாபேஸிடம் கேட்கும். "இந்தப் பகுதிகளில் யார் யார் இருக்கிறார்கள்?" டேட்டாபேஸ் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். இல்லாத பகுதியைக் கேட்டால், அங்கே யாரும் இல்லை என்று மரியாதையாக வாயை மூடிக்கொள்ளும். கோபித்துக்கொள்ளாது, எச்சரிக்காது. அந்த வரிகளை எழுதியவன் நான்.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்ச். அப்போதிருந்தே என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். பிறகு என் தங்கையைக் கட்டினான். கல்யாணத்தன்று என் தோளில் கைபோட்டு, "இத்தனை வருஷமா லைசென்ஸ் இல்லாம ஓட்டிக்கிட்டிருந்தேன் மச்சான், இன்னைக்குத்தான் வாங்கினேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் பேச்சில் மயங்காதவர் கிடையாது. எனக்குப் பேச்சு வராது, எனக்கும் சேர்த்து அவன் பேசினான். அவனுக்குக் கணினி வராது, அவனுக்கும் சேர்த்து நான் எழுதினேன். ஒரே நிறுவனத்தில் அவன் நிர்வாகப் பக்கம், நான் கணினிப் பக்கம். நீண்ட காலம் இது நியாயமான ஏற்பாடாகவே இருந்தது.

டாஷ்போர்டு கட்டியபோது, பகுதிகளுக்குப் பெயருக்குப் பதிலாக எண் வைக்கலாம் என்றேன். எண்ணில் குழப்பம் வராது. அவன் கேட்கவில்லை.

"நம்பர் வேணாம் மச்சான். கடுதாசில என்ன பேர் இருக்கோ அதே பேர் அப்படியே திரையில இருக்கணும். அக்கா பாத்துப் பாத்து டிக் போடணும்ல?"

"எனக்கு எங்க வீட்டுக் கதவு நம்பரையே எட்டிப் பாத்துத்தான் சொல்லணும் தம்பி" என்றார் போன் அக்கா. "அவர் சொல்றதுதான் சரி."

பெயரே வைத்தேன். மின்சார அலுவலகத்தின் கடிதத்தில் மூன்று பகுதிகளின் பெயர்கள் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தன. பாலத்தெரு, வடக்கு. பாலத்தெரு, தெற்கு. சந்தைச் சாலை, பழையது. பெயருக்கு உள்ளேயே காற்புள்ளி.

முதல் சோதனை ஓட்டத்தில் பாலத்தெரு வடக்கில் டிக் போட்டோம். வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. அங்கே அப்போதே மூன்று நோயாளிகள் இருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. டிக் போட்ட பெயர்களை அந்தத் திரைப் பட்டியல் ஒன்றோடொன்று காற்புள்ளி போட்டுக் கோத்துத்தான் ஸ்கிரிப்டிடம் கொடுக்கும். ஸ்கிரிப்ட் காற்புள்ளி கண்ட இடத்திலெல்லாம் வெட்டித் தனித்தனிப் பெயராக்கும். பெயருக்குள்ளிருந்த காற்புள்ளியிலும் அது வெட்டிவிட்டது. டேட்டாபேஸிடம் 'பாலத்தெரு' என்று ஒரு பகுதியையும், 'வடக்கு' என்று இன்னொரு பகுதியையும் கேட்டிருக்கிறது. அப்படி இரண்டு பகுதிகள் ஊரில் இல்லை. யாரும் இல்லை என்று பதில் வந்துவிட்டது.

இதை மாப்பிள்ளைக்குக் காகிதத்தில் எழுதிக் காட்டி விளக்கினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஒரு கமா ஒரு தெருவையே முழுங்கிடுச்சா மச்சான்?"

"முழுங்கிடுச்சு."

"இப்ப கக்க வைக்க முடியுமா?"

முடிந்தது. கோக்கும்போது காற்புள்ளிக்குப் பதிலாக ஒரு நிமிர்ந்த கோடு போடச் சொன்னேன். எந்தத் தெருவின் பெயரிலும் நிமிர்ந்த கோடு கிடையாது. வெட்டுவதும் கோட்டில் மட்டும் வெட்டும். ஸ்கிரிப்டின் மேலே ஒரே இடத்தில், ஒரே ஒரு எழுத்து. அத்துடன் திரையின் கீழே ஒரு சின்ன வரியும் சேர்த்தேன்: கேட்ட பகுதிகள் இத்தனை, அடையாளம் தெரிந்த பகுதிகள் இத்தனை. இரண்டும் ஒத்துப்போனால் சரி. மாப்பிள்ளை என் முதுகில் தட்டினான்.

"நீ இருக்கிற வரைக்கும் எனக்கென்னடா கவலை."

இந்த வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நான் இருக்கிற வரைக்கும் என்றான். அவனே போட்ட நிபந்தனை அது.

இரண்டு வருடம் கழித்து நிறுவனத்தின் இயக்குநர்கள் பார்வையிட வந்தார்கள். கூட்ட அறையில் மாப்பிள்ளை திரைக்கு முன்னால் நின்று விளக்கினான். கடைசி வரிசையில் உட்கார்ந்து கணினியை இயக்கியவன் நான். "நான் இதை யோசிச்சப்போ", "நான் இதை வடிவமைச்சப்போ" என்று போனது பேச்சு. எண்ணிப்பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. பதினோரு நான். இயக்குநர்களில் ஒரு அம்மாள், "இத எழுதினது யாரு?" என்று நேராகவே கேட்டார்.

"எங்க டீம் மேடம்."

அந்த டீமில் ஒரே ஒருவன்தான் இருந்தான். அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து அடுத்த படத்துக்கான பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் என்னைப் பிடித்தான். "கோவமாடா? மேடையில ரெண்டு பேரு நின்னா யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க மச்சான். நீ பின்னாடி இருக்கேங்கிற தைரியத்துலதான் நான் வாயத் தொறக்கிறதே." நான் கோபம் இல்லை என்றேன். அப்போது உண்மையிலேயே இல்லை. மூட்டையில் ஒரு சின்னக் கல் விழுந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடக் கடைசியில் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது. அதற்கு அடுத்த மாதம், பிரின்டரில் என் தாளை எடுக்கப் போனபோது, அதன் அடியில் அவன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல் கிடந்தது. கணினிப் பிரிவில் ஓர் இடத்தை நீக்கலாம் என்று சிபாரிசு செய்திருந்தான். என் இடம். காரணம் என்ற தலைப்பில் இரண்டு வரி: "டாஷ்போர்டு இப்போது தானே இயங்குகிறது. பட்டியலில் தேர்வு செய்தால் போதும். இதற்கெனத் தனி ஆள் தேவையில்லை." என்னைக் கிடங்கில் இருப்புப் பதிவேடு பார்க்கும் வேலைக்கு மாற்றலாம் என்றும் அடியில் எழுதியிருந்தான். பழகிய ஆளைத் தெருவில் விடக்கூடாது என்ற நல்லெண்ணம்.

கடிதத்தில் போட்டிருந்த தேதி ஒரு வியாழக்கிழமை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கையும் அவனும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று என் மனைவி சொன்னதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் படுத்து அவனே வாஷர் மாற்றினான். "ஆயிரம் கம்ப்யூட்டர் தெரிஞ்சு என்ன மச்சான், ஒரு வாஷர் மாத்தத் தெரியல" என்றான். அன்று நாங்கள் நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் என்னால் இன்றுவரை சரியாக மடித்து வைக்க முடியவில்லை.

தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கும் தெரிந்திருந்தது.

"அவரே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தாருண்ணா. நான் முந்திக்கிட்டா நல்லா இருக்காதுன்னு..."

"எத்தனை நாளா தெரியும்?"

"ரெண்டு வாரமா."

இரண்டு வாரம் என் தங்கை தினமும் என்னோடு போனில் பேசியிருக்கிறாள். என் சளிக்கு மருந்து சொல்லியிருக்கிறாள்.

கிடங்கு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் இருந்து, எல்லாவற்றையும் எழுதி ஒப்படைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மாப்பிள்ளை என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்க்காமல் என் ஸ்டேப்ளரை எடுத்து வெறுமனே அழுத்திக்கொண்டிருந்தான்.

"திட்டணும்னா திட்டிடு மச்சான். இப்படி ஊமையா இருக்காத."

"திட்ட என்ன இருக்கு? சரியாத்தான் எழுதியிருக்க. தேர்வு செஞ்சா போதும்."

முப்பத்தெட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள். அதில் ஒரு பொய் கிடையாது. எந்தப் பொத்தான் எங்கே, எந்த வரி என்ன செய்யும், எல்லாம் இருக்கும். திரையின் கீழே இருந்த அந்தச் சின்ன வரியைப் பற்றி மட்டும் இருக்காது, ஏனென்றால் அப்போது அது திரையில் இல்லை. அதை எடுக்கச் சொன்னதும் மாப்பிள்ளைதான். முன்பு ஒருநாள், "என்ன மச்சான் இது, கண்ணாஸ்பத்திரி போர்டு மாதிரி கீழ கீழ பொடி எழுத்து" என்று அவனே சொல்லியிருக்கிறான். சொல்லி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடைசி வாரத்தில் அவன் விருப்பத்தை நிறைவேற்றினேன்.

கடைசி நாள் மாலை நான்கு நாற்பதுக்கு, ஸ்கிரிப்டைத் திறந்து, நிமிர்ந்த கோட்டை அழித்துவிட்டுக் காற்புள்ளி வைத்தேன். அந்தக் கோடு நான் கொண்டுவந்தது. நிறுவனம் கேட்டு வாங்கியதல்ல. என்னுடைய தேநீர்க் கோப்பையையும், குஷனையும், ஜன்னலோரத்துத் தொட்டிச் செடியையும் எடுத்துக்கொண்ட மாதிரி அதையும் எடுத்துக்கொண்டேன். அறுபத்திரண்டு பகுதிகளில் ஐம்பத்தொன்பதுக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை. ஐந்தாறு பெயரில் டிக் போட்டு அழுத்தினேன், பட்டியல் அழகாக வந்தது. போன் அக்கா என் பைக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்து, "அப்பப்ப வந்து எட்டிப் பாரு தம்பி" என்றார்.

பிறகு நான் செய்ததெல்லாம் காத்திருந்தது மட்டுமே. வேலை தேடிக்கொண்டே காத்திருந்தேன். நாளிதழில் மின்தடை அறிவிப்பு எந்தப் பக்கத்தில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். ஆறாவது வாரம் சந்தைச் சாலை, பழையது வந்தது. அங்கே ஒரே ஒரு நோயாளி, அவரும் மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அன்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று எழுதினால் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். சோதனை ஓட்டம் முடிவு காட்டாமல் போனால் ஸ்கிரிப்ட் எழுதுகிற எவனுக்கும் வரும் ஏமாற்றம்தான் அது.

நான் எதிர்பார்த்தது சின்ன விஷயம். ஏதோ ஒரு வீட்டுக்கு வண்டி போகாது. அந்த வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வரும். மாப்பிள்ளை திரையைப் பார்ப்பான், முப்பத்தெட்டுப் பக்கத்தையும் புரட்டுவான், பிடிபடாது. என்னைக் கூப்பிடுவான். "மச்சான், பாலத்தெருவை மறுபடி கமா முழுங்கிடுச்சுடா" என்று அவன் சொன்னால் போதும், ஒரு நிமிடத்தில் சரிசெய்யும் வழியைச் சொல்லிவிடுவேன். தேர்வு செய்தால் போதாது என்று அவன் தெரிந்துகொள்வான். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பதினோராவது வாரம் அறிவிப்பு வந்தது. புதன்கிழமை காலை ஒன்பது முதல் இரண்டு வரை. ஐந்து பகுதிகள். நான்காவது, பாலத்தெரு, வடக்கு.

அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. இன்னொருவர் தையற்காரர், அறுபத்தொரு வயது. அவர் வீட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன், கதவு எண் பொருந்தவில்லை என்று சரிபார்ப்பதற்காக. மூக்கில் குழாயோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். "நாப்பது வருஷம் ஊருக்கெல்லாம் அளவெடுத்தேன் தம்பி. இப்ப இது எனக்கு அளவெடுக்குது" என்று கருவியைக் காட்டினார். அவரே சொல்லி அவரே சிரித்து, இருமலில் மாட்டிக்கொண்டார். இருமல் அடங்கியதும் என் சட்டையைக் கூர்ந்து பார்த்து, "இந்தக் காலர் தச்சவன் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தச்சிருக்கான்" என்றார். அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

புதன்கிழமை எட்டரைக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். ஏன் போனீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். மாப்பிள்ளை கூப்பிடும்போது நிலவரம் தெரிந்தவனாக இருக்க வேண்டும் அல்லவா? தையற்காரர் வீட்டுக்கு எதிரே ஒரு பேருந்து நிறுத்தம். நிழற்குடையில் உட்கார்ந்தேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சத்தம் முழுதாக வைத்திருக்கிறேனா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையின் விளக்கு அணைந்தது. கடைக்காரர் வெளியே வந்து சோம்பல் முறித்தார். தெரு சாதாரணமாகத்தான் இருந்தது.

ஒன்பது பத்துக்குத் தையற்காரரின் மனைவி வாசலுக்கு வந்து தெருமுனையைப் பார்த்தார். உள்ளே போனார். ஒன்பது பதினெட்டுக்கு மறுபடி வந்தார். இந்த முறை என்னைப் பார்த்துவிட்டார். சாலையைக் கடந்து நேராக வந்தார்.

"நீங்க கம்பெனி தம்பிதானே? அன்னைக்கு வந்தீங்களே, நம்பர் பாக்க."

"ஆமாம்மா."

"வண்டிய இன்னும் காணோமே. எப்பவும் எட்டரைக்கெல்லாம் வந்துடும். முந்தின நாளே போனும் வரும், இந்தத் தடவை அதுவும் வரல. ஆபீசுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கட்டுமா? இல்ல, ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிடட்டுமா?"

நன்றாக நினைவிருக்கிறது. அவர் கையில் மாவுக் கறை. தோளில் ஒரு துண்டு. நான் நிறுவனத்தைவிட்டு வந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதை அந்த இடத்தில் விளக்குவது சிரமம். அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டால் போன் அக்கா நேரே வண்டியை அனுப்பிவிடுவார். மாப்பிள்ளை வரைக்கும் விஷயம் போகாது. ஒரு வீடு விட்டுப்போய்விட்டது என்று அதோடு முடிந்துவிடும்.

"அலைய வேண்டாம்மா. வண்டி கெளம்பியாச்சு. வந்துடும்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "நல்லவேளை நீங்க இருந்தீங்க. அவரு பயந்துகிட்டு இருக்காரு, போய்ச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார்.

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேட்டரிக் கணக்கு எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இருந்தது பழைய கருவி என்பதும் தெரியும். ஒன்பதரை ஆனது. வண்டி ஓட்டுநரின் எண் என் போனில் இருந்தது. அன்று அவர் இரண்டு தெரு தள்ளித்தான் உருளை இறக்கிக்கொண்டிருந்தார் என்று பிறகு நாளிதழில் வந்த உங்கள் அறிக்கையில் படித்தேன். ஆனால் கூப்பிட வேண்டியது நான் இல்லையே. ஒன்பது நாற்பதுக்கு உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் ஓடினார். என் போன் அடிக்கவே இல்லை. ஒன்பது ஐம்பதுக்குப் பேருந்து வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

ஆசிரியையைப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பிழைத்துவிட்டார். தையற்காரருக்கு ஆட்டோ வந்து சேரும்போது நேரம் முடிந்துவிட்டது.

விசாரணை தொடங்கியது. மாப்பிள்ளையை நீங்கள் அழைத்துப்போனீர்கள். ஒன்பது நாள் நான் வீட்டிலேயே இருந்தேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை. தையற்காரரின் மனைவி, கம்பெனி ஆள் ஒருவர் வந்து தைரியம் சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். அது யார் என்று உங்களுக்கும் பிடிபடவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பத்தாவது நாள் தங்கை வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முகம் வீங்கியிருந்தது.

"அவருக்குத் தெரியும்ணா."

"என்ன தெரியும்?"

"கமா. அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டாரு. பத்து மணிக்குப் போன் வந்ததும் திரையப் பாத்த உடனே தெரிஞ்சிடுச்சாம். நீ கோடு போட்டதெல்லாம் அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உள்ள தேடிப் பாத்தா, மாத்துன தேதி, நேரம், உன் பேரு எல்லாம் பதிவாகி இருந்திருக்கு."

எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினேன்.

"அத அழிச்சிட்டாரு. போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே. உன் பேர எங்கயும் சொல்லல. முழுக்க முழுக்க நான்தான் வடிவமைச்சேன், மாத்தினதும் நான்தான்னு எழுதிக் கொடுத்திருக்காரு. உனக்கு நான் பண்ணுனதுக்கு இது சரியாப் போச்சுன்னு சொல்லச் சொன்னாரு. உனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு, வாயத் தொறக்காத, அப்படியே இருந்துக்கன்னு..." மேலே பேச முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஏண்ணா இப்படிப் பண்ணின?"

அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து யோசித்தேன்.

அந்த டாஷ்போர்டில், முன் பக்கம் பின் பக்கம் எங்கு தேடினாலும், என் பெயர் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அதையும் அவன் அழித்திருக்கிறான். மேடையில் நின்று பதினோரு முறை சொன்னான். இப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, பன்னிரண்டாவது முறையும் சொல்லியிருக்கிறான், நான்தான் என்று. என் தங்கை அதைத் தியாகம் என்று நினைத்து அழுகிறாள். நீங்களும் அதை நம்பித்தான் எழுதிக்கொண்டீர்கள். அவன் பேச்சில் மயங்காதவர் கிடையாது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

அதனால்தான் நேற்று நானாக வந்தேன். வேறு யாரும் என்னை அனுப்பவில்லை.

கோட்டை அழித்ததும், காற்புள்ளியை வைத்ததும், கீழ் வரியை எடுத்ததும் நான். பேருந்து நிறுத்தத்தில் அந்த அம்மாளிடம் வண்டி வரும் என்று சொன்னவனும் நான். மாப்பிள்ளைக்கு இதில் ஓர் எழுத்துகூட எழுதத் தெரியாது. வேண்டுமானால் ஒரு கணினியைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள். அவன் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாருடைய பெயரும் இதில் வரக்கூடாது.